பனியன் கம்பெனியில் உற்பத்தி கூட என்ன செய்வது? தளத்தின் வெக்கை முதல் சம்பள முறை வரை முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் பல கம்பெனிகளில் ஒரே வழியைத்தான் கையாளுகிறார்கள். "பீஸுக்கு இவ்வளவு சேர்த்துத் தருகிறோம், ராத்திரி எட்டரை வரை இருங்கள்" என்று அறிவித்துவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் எண்ணிக்கை ஏறும். அப்புறம் செக்கிங் டேபிளில் டேமேஜ் குவியும், திங்கட்கிழமை காலையில் நாலைந்து மெஷின் ஆளில்லாமல் கிடக்கும். ஆட்கள் சரியில்லை என்று முடிவு கட்டி கான்ட்ராக்டருக்குப் போன் போடுவார்கள்.

முப்பது பேரிலிருந்து நூற்றைம்பது பேர் வரை வேலை செய்யும் தையல் யூனிட்டை நடத்துகிறவர்களுக்கும், அங்கே புரொடக்‌ஷன் பார்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது முக்கியமாக ஒன்றுதான்: எதை முதலில் செய்கிறோம் என்ற வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் தளத்தின் வெக்கை, வெளிச்சம், இருக்கை. அடுத்து பிட், அதாவது வெட்டிய துணித் துண்டு, நகரும் வழி. அதற்குப் பிறகுதான் ஊக்கத்தொகை. வரிசையை மாற்றினால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் ரீவொர்க்கிலும் லீவிலும் கரைந்துவிடும்.

படி 1: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்ற கணக்கு எல்லாரிடமும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. லைன் (ஒரு உடையைப் படிப்படியாகத் தைத்து முடிக்கும் மெஷின் வரிசை) வாரியாக, மணி வாரியாக எழுத வேண்டும். கூடவே மூன்று விஷயங்கள்: செக்கிங்கில் விழுந்த டேமேஜ் எந்த ஆபரேஷனில், அதாவது எந்தத் தையல் வேலையில், வந்தது, யார் எந்தக் கிழமை வரவில்லை, வேலையை விட்டுப் போனவர் என்ன காரணம் சொன்னார்.

தளத்தில் மூன்று இடங்களில் வெப்பமானி தொங்கவிட்டு காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்றரை மணிக்கு வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று கூரைக்கு நெருக்கமான லைனில், ஒன்று அயர்னிங் பக்கம், ஒன்று வாசலருகே.

எழுத ஆரம்பிப்பதற்கு முன் தொழிலாளர்களைக் கூட்டி எதற்காக என்று சொல்லிவிடுங்கள். கையில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் வந்து நின்றாலே "ரேட்டைக் குறைக்கப் போகிறார்கள்" என்றுதான் தளம் நினைக்கும். அப்படி நினைப்பதற்கு அவர்களுக்குப் பழைய காரணங்கள் உண்டு. இந்தக் கணக்கை வைத்து யாருடைய ரேட்டும் குறையாது என்று நோட்டீஸ் போர்டில் எழுதியே ஒட்டுங்கள்.

எழுதுவது சின்ன வேலையாகத் தோன்றும், பலன் சின்னதல்ல. மும்பைக்கு அருகே உள்ள நெசவு ஆலைகளில் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் 2008 முதல் ஒரு சோதனை நடத்தினார்கள். பழுதைத் தினமும் பதிவு செய்வது, தளத்தைச் சுத்தமாக வைப்பது, நூல் இருப்பை அடுக்கிக் கணக்கு வைப்பது போன்ற எளிய பழக்கங்களைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது.

படி 2: வெக்கையைக் குறையுங்கள்

பணம் போடுவதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் நான் இதில்தான் போடச் சொல்வேன். ஷீட் கூரை, கீழே நூறு மெஷின், அதே ஹாலின் ஓரத்தில் ஸ்டீம் அயர்ன். சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் அந்த ஹாலில் உட்கார்ந்து நேர்த் தையல் போடச் சொல்கிறோம்.

இந்தியத் தொழிற்சாலைகளின் கணக்குகளை எடுத்து இ. சோமநாதன் குழுவினர் செய்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஆண்டின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆலையின் உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. வெயில் நாட்களில் வேலை மெதுவாவதோடு ஆட்கள் வராமல் போவதும் கூடுகிறது. உங்கள் இரண்டு வாரக் குறிப்பில் மணிக்கணக்கையும் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணிக்கை விழுவதைச் சோம்பேறித்தனம் என்று இதுவரை நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை அந்தத் தாளே மாற்றிவிடும்.

செய்ய வேண்டியவற்றைச் செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

கூரைக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். கோடை தொடங்குவதற்கு முன், பங்குனிக்குள் அடித்துவிட வேண்டும். அயர்னிங்கைத் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பகுதிக்குத் தனி எக்ஸாஸ்ட் போடுங்கள். பாய்லர் ஹாலுக்குள் இருந்தால் வெளியே கொண்டுபோங்கள்.

பழைய கிளட்ச் மோட்டார் மெஷின்கள் இன்னும் இருந்தால் ஒவ்வொன்றாக சர்வோ மோட்டாருக்கு மாற்றுங்கள். கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும், அத்தனை நேரமும் சூடும் இரைச்சலும் கிளம்பும். சர்வோ, பெடலை மிதித்தால் மட்டும் ஓடும். கரண்ட் பில் குறையும் என்றுதான் எல்லாரும் மாற்றுகிறார்கள். டைலரின் தொடைக்குப் பக்கத்திலேயே ஒரு சூடான மோட்டார் இல்லாமல் போவதும் பெரிய விஷயம்தான்.

விளக்குகளும் அப்படியே. பெங்களூரைச் சுற்றியுள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டபோது என்ன நடந்தது என்று அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, ஆனந்த் நிஷாதம் மூவரும் ஆராய்ந்தார்கள். எல்இடி குறைவாகச் சூடாவதால் வெயில் நாட்களில் உற்பத்தி கூடியது. அந்த லாபத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், போட்ட பணம் திரும்பி வரும் காலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது.

ஈரப் பேட் வைத்த ஏர் கூலர் முறை திருப்பூரின் வறண்ட கோடைக்கு நன்றாகவே வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் பயன் குறைவு, அப்போது ஃபேனை மட்டும் ஓடவிடலாம். டக்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டி வெள்ளைத் துணியில் கறை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனை வேகமாக வைத்தால் மெல்லிய பிட்கள் பறக்கும், டைலர்களே அதை நிறுத்திவிட்டு வேர்வையில் தைப்பார்கள். முதுகுப் பக்கமாக வீசும் சுவர் ஃபேன் நல்லது.

அடுத்து தண்ணீரும் கழிவறையும். இவற்றை உற்பத்தியோடு யாரும் சேர்த்துப் பேசுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. கழிவறை அசிங்கமாக இருந்தால், அல்லது ஒவ்வொரு முறையும் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலைவலி, தலைச்சுற்றல், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும். மூன்று மணிக்குத் தையல் கோணலாகிறது, மறுநாள் லீவு. கழிவறையை ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவ ஓர் ஆளைப் போடுங்கள், தாழ்ப்பாளும் தண்ணீரும் நாப்கின் போடும் கூடையும் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். போவதற்கு அனுமதி கேட்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். லைனுக்குக் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் வையுங்கள்.

படி 3: வெளிச்சம், இரைச்சல், இருக்கை

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். தையலுக்கு 750 லக்ஸ், தரச் சோதனைக்கு 1000 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரநிலையின் அளவு. ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கி, ஊசி விழும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். ஹாலின் நடுவில் நின்று அளப்பதில் பயனில்லை, டைலரின் தலையும் மெஷினின் தலையும் அங்கே நிழல் போடும். கறுப்பு, நேவி புளூ துணி ஓடும் நாட்களில் ஊசி முனைக்கென்று ஒரு சின்ன எல்இடி இருந்தால் தையல் விடுபடுவது குறையும்.

இரைச்சலுக்கு நாம் பழகிவிட்டோம் என்று நினைக்கிறோம். நைரோபியில் ஜோஷுவா டீன் என்ற ஆய்வாளர், பாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பக்கத்தில் இரைச்சலைக் கூட்டிப் பார்த்தார். 10 டெசிபல் கூடினால் வேலை சுமார் 5 சதவீதம் குறைந்தது. தாங்கள் மெதுவாகிவிட்டது தைத்தவர்களுக்கே தெரியவில்லை. அதனால் "சத்தம் தொந்தரவா?" என்று கேட்டு, அவர்கள் "இல்லை" என்றதும் விட்டுவிடாதீர்கள். கம்ப்ரஸரை வெளியே வையுங்கள், ஆடும் மெஷின் டேபிளுக்கு ரப்பர் பாதம் போடுங்கள்.

இருக்கை விஷயத்தில், முதுகு சாயாத ஸ்டூலை எடுத்துவிட்டு, உயரம் மாற்றக்கூடிய, முதுகுப் பலகை உள்ள நாற்காலி கொடுங்கள். டேபிள் உயரத்தையும் ஆளுக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும், பெடலின் இடத்தையும். உயரம் குறைந்த பெண் ஒருவர் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடி தைப்பதை நம் தளங்களில் எங்கும் பார்க்கலாம்.

நின்றே வேலை பார்க்கும் செக்கிங், பேக்கிங் ஆட்களை மறந்துவிடுகிறோம். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களை நினைத்து அந்தத் திருத்தத்தைப் பலரும் வரவேற்றோம். ஆனால் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வேண்டும் என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. செக்கிங் டேபிளுக்கு உயரமான ஸ்டூலும் கால் வைக்க ஒரு கட்டையும் போதும்.

படி 4: பிட் நகரும் வழியைச் சீராக்குங்கள்

டைலரின் நேரத்தில் பெரும்பகுதி துணியை எடுப்பதிலும் பொருத்துவதிலும் வைப்பதிலும் போகிறது. ஊசி ஓடும் நேரம் அதைவிடக் குறைவு. ஆகவே "வேகமாகத் தை" என்று சொல்வதைவிட, பிட் கட்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பலன் தரும். குனிந்து தரையிலிருந்து எடுக்கிறாரா? முடித்ததை எழுந்து போய் வைக்கிறாரா? மேஜைக்கு இடது பக்கம் சாய்தளம், வலது பக்கம் ட்ராலி, இவ்வளவுதான் தேவை.

அப்புறம் லைனைச் சமப்படுத்துங்கள். ஓர் உதாரணக் கணக்கு: டி-ஷர்ட் லைனில் மற்ற ஆபரேஷன்கள் எல்லாம் 40 விநாடிக்குள் முடிகின்றன, கை பிடிப்பது, அதாவது சட்டைக் கையை உடல் பகுதியோடு இணைப்பது, மட்டும் 50 விநாடி. அந்த லைன் மணிக்கு 72 பீஸுக்கு மேல் தரவே தராது, மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும். கை பிடிக்க இன்னொரு ஓவர்லாக் மெஷினையும் டைலரையும் போட்டால் அடுத்து மெதுவான 40 விநாடி ஆபரேஷன் எல்லையாகும், மணிக்கு 90 பீஸ். இதைச் செய்யாமல் எல்லாருக்கும் ஊக்கத்தொகை அறிவித்தால் கை பிடிக்கும் மெஷின் முன்னால் கட்டு மலையாகும், அங்கே உட்கார்ந்திருப்பவர் எல்லாருடைய கோபத்துக்கும் ஆளாவார்.

படி 5: இடைவேளையைக் கையில் எடுங்கள்

பதினொரு மணி டீயும் நாலு மணி டீயும் நம் ஊரில் ஏற்கெனவே உண்டு. அவசர ஆர்டரின்போது அவற்றைத்தான் முதலில் வெட்டுகிறோம். அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய ஹாத்தார்ன் ஆலையில் 1927-ல் தொடங்கிய சோதனையில், தொலைபேசிக்கான ரிலே என்ற சின்னக் கருவியைப் பூட்டும் சில பெண்களுக்கு நடுநடுவே ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். வேலை நேரம் குறைந்தும் உற்பத்தி ஏறியது. ஓய்வு மட்டும்தான் காரணமா, சம்பள முறையும் கவனிப்பும் சேர்ந்தா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே தெளிவான சான்று இருக்கிறது. சென்னையில் டேட்டா என்ட்ரி வேலை செய்தவர்களை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. அவர்கள் இரவில் சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தூக்கத்தைக் கூட்ட உதவியதால் வேலையில் மாற்றமில்லை. ஆனால் பணியிடத்தில் மதியம் குட்டித் தூக்கம் போட்டவர்களின் வேலைத் திறனும் மனநிலையும் மேம்பட்டன. வேலை நேரம் கொஞ்சம் குறைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எனவே தனியாக நேரம் ஒதுக்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே சாய்வதற்கு ஓர் இடம் கொடுங்கள். பாயும் ஃபேனும் உள்ள ஒரு அறை போதும். இப்போது கட்டிங் டேபிளுக்கு அடியில் படுத்துக்கொள்கிறார்கள்.

படி 6: இப்போது பணம்

பீஸ் ரேட் வேலையைக் கூட்டும் என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றும் சேஃப்லைட் நிறுவனம் மணிச் சம்பளத்திலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியபோது ஆளுக்கு 44 சதவீதம் வேலை கூடியது என்று பொருளாதார அறிஞர் எட்வர்ட் லேசியர் கணக்கிட்டார். அதில் சுமார் பாதி, வேகமான ஆட்கள் தேடிவந்து சேர்ந்ததால் வந்தது. அங்கே இரண்டு பாதுகாப்புகள் இருந்தன: குறைந்தபட்ச மணிச் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு, கண்ணாடி சரியாகப் பொருந்தாவிட்டால் பொருத்தியவரே திரும்பச் செய்ய வேண்டும். நம் ஊரில் பீஸ் ரேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

என் பரிந்துரை: ஷிப்ட் சம்பளம் நிச்சயம், அதற்கு மேல் லைன் வாரியாக ஊக்கத்தொகை. செக்கிங்கில் பாஸான பீஸ் மட்டும் கணக்கில் வரும். மேலே சொன்ன லைனில் 20 பேர், சமப்படுத்துவதற்கு முன் மணிக்கு 72 வீதம் எட்டு மணி நேரத்தில் 576 பீஸ் என்று வையுங்கள். சமப்படுத்திய பிறகு, 520-க்கு மேல் ஒவ்வொரு பாஸ் பீஸுக்கும் 10 ரூபாய் என்றால், 600 பீஸ் வந்த நாளில் 800 ரூபாய், ஆளுக்கு 40. வாரத்துக்கு 240. சனிக்கிழமை கையில் தனியாகத் தெரியும் தொகை அது. இதுவே பீஸுக்கு 2 ரூபாய் என்றால் ஆளுக்கு நாளைக்கு 8 ரூபாய், ஒரு டீக்கும் போதாது. அறிவிப்பதற்கு முன் தொழிலாளியின் கைக்கு எவ்வளவு போகும் என்று இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கைமடி என்னும் உதவியாளர்களுக்கும் பிசிறு வெட்டுகிறவர்களுக்கும் பங்கு கொடுங்கள், சமமாகவே கொடுங்கள். டைலரின் வேகம் அவர்கள் கையில் இருக்கிறது. ஒடிசாவில் எமிலி பிரெசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தாசானி நடத்திய சோதனையில், ஒரே குழுவில் கூலி வித்தியாசம் வந்தபோது வேலையும் குறைந்தது, வருகையும் 18 சதவீதப் புள்ளி குறைந்தது. கூடுதலாக வாங்குகிறவர் அதிகம் செய்வது மற்றவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த இடங்களில் மட்டும் அந்தப் பாதிப்பு இல்லை. ஆகவே ரேட்டையும் கணக்கையும் போர்டில் எழுதுங்கள். ரகசியமாக ஒருவருக்கு உயர்த்திக் கொடுப்பது ஒரு நாளும் ரகசியமாக இருப்பதில்லை.

ஒரு முறை வைத்த ரேட்டை, ஸ்டைல் மாறாமல் குறைக்காதீர்கள். அதே ஹாத்தார்ன் ஆலையில் 1931-32-ல் 14 ஆண்கள் வேலை செய்த அறையைக் கவனித்தார்கள். குழு ஊக்கத்தொகை இருந்தும், நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே ஒரு எல்லை வைத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டியவரின் தோளில் குத்தும் விழுந்தது. அதிகம் செய்தால் ரேட் குறையும் என்ற பயம். திருப்பூர் டைலர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

வருகைப் போனஸை மாதக் கணக்கில் வைக்காதீர்கள். ஐந்தாம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போனால் மொத்தமும் போய்விடுகிறது, மிச்ச நாட்களுக்கு அந்தப் போனஸால் எந்த இழுப்பும் இல்லை. வாரக் கணக்கில் வையுங்கள்.

வாரச் சம்பளத்தைத் தாமதிக்கவே கூடாது. ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களில் சிலருக்குக் கூலியை முன்னதாகக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களுடைய உற்பத்தி 7 சதவீதம் கூடியது, தவறுகளும் குறைந்தன. கடன், மளிகை என்ற கவலை மனதிலிருந்து இறங்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒடிசாவிலிருந்து வந்து நம் ஹாஸ்டல்களில் தங்கியிருப்பவர்கள் சனிக்கிழமை வாங்கி ஊருக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பணம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனால் அங்கே ஒரு வீட்டில் அடுப்பு தள்ளிப்போகிறது.

படி 7: சூப்பர்வைசரும் குறை கேட்பதும்

நன்றாகத் தைத்தவரைச் சூப்பர்வைசராக்கி, பேசக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிடுவதே பெரும்பாலான சண்டைகளுக்கு வேர். பெயர் சொல்லிக் கூப்பிடுவது, "ஏய்" இல்லை. தவறை டேபிளுக்குப் போய்த் தனியாகக் காட்டுவது. ஒடியா, இந்தி பேசும் லைனுக்கு அந்த மொழி தெரிந்த ஒருவரை உதவிக்கு வைப்பது. இவற்றை எழுதிக் கொடுத்து, சூப்பர்வைசரின் சம்பள உயர்வை லைனில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்பதோடு சேருங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் பற்றிய உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தணிக்கைக்காகப் பெயர்ப் பட்டியல் மட்டும் ஒட்டி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் வேறு எந்த ஊக்க முறையைப் பற்றிப் பேசுவதற்கும் நமக்கு உரிமையில்லை.

மாதம் ஒரு முறை பெயர் எழுதாத சீட்டில் குறை கேளுங்கள். ஓர் இந்திய ஆடை ஆலையில், எதிர்பார்த்த அளவு கூலி உயராத நேரத்தில், சிலரிடம் மட்டும் இப்படிக் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனது 20 சதவீதம் குறைவு. கேட்டதில் மூன்றையாவது அந்த மாதத்துக்குள் செய்து, எது முடியாது, ஏன் முடியாது என்பதையும் போர்டில் எழுதுங்கள்.

படி 8: ஒரு லைனில் தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒரே மாதிரி ஸ்டைல் ஓடும் இரண்டு லைன்களை எடுங்கள். ஒன்றில் நாற்காலி, விளக்கு, சர்வோ மோட்டார். மற்றதை அப்படியே விடுங்கள். நாலு வாரம் மணிக்கணக்கு, டேமேஜ், வருகை மூன்றையும் ஒப்பிடுங்கள். முதல் வாரக் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், புதிய நாற்காலியின் உற்சாகமும் அதில் சேர்ந்திருக்கும். பலன் தெரிந்தால் அடுத்த லைனுக்குப் போங்கள். லைன் ஒவ்வொன்றும் நாலாவது படியைத் தாண்டிய பிறகே அந்த லைனுக்கு ஊக்கத்தொகையைத் தொடங்குங்கள். காத்திருக்கும் லைன்களுக்கு "உங்கள் முறை இந்த மாதம்" என்று தேதியோடு சொல்லிவிடுங்கள், சொன்ன தேதியில் மெக்கானிக்கை அங்கே அனுப்புங்கள்.